லீட்ஸ் டவுன் ஹால்: மும்மடங்கான செலவின் கதை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கிலாந்தின் வடக்கே இருந்த தொழில் நகரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக டவுன் ஹால் கட்டின. நகரவாசிகள் செலுத்திய வரியும், அந்த வரி வருமானத்தை ஈடாகக் காட்டி வாங்கிய கடனும்தான் இவற்றுக்கு முதல். முதலில் சொன்ன தொகைக்குள் கட்டி முடித்த நகரங்கள் குறைவு. மிஞ்சிய செலவுக்கு யார் பொறுப்பு என்ற சச்சரவு நகர்மன்றக் கூட்டங்களிலும் உள்ளூர்ப் பத்திரிகைகளிலும் ஆண்டுக்கணக்கில் நடந்தது. யார்க்‌ஷயரின் லீட்ஸ் நகரம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஏறக்குறைய 40,000 பவுண்டில் முடியும் என்று தொடங்கிய கட்டடத்துக்கு அங்கே கடைசியில் சுமார் 1,22,000 பவுண்டு செலவாயிற்று.

லீட்ஸ் கம்பளித் துணியால் வளர்ந்த ஊர். 1851 கணக்கெடுப்பின்போது அங்கே சுமார் 1,72,000 பேர் வாழ்ந்தனர். 1835-ஆம் ஆண்டின் நகராட்சிச் சட்டம் வரும் வரை ஊர் நிர்வாகம் ஒரு சிறு குழுவின் கையில் இருந்தது. ஓர் உறுப்பினர் இறந்தால் மற்றவர்களே அடுத்தவரைத் தேர்ந்துகொள்வார்கள். புதிய சட்டம் வரி செலுத்தும் ஆண்களுக்கு வாக்குரிமை அளித்தது. வரி, ஒருவர் குடியிருக்கும் வீடு அல்லது நடத்தும் கடையின் ஆண்டு வாடகை மதிப்பைப் பொறுத்தது. ஆகவே ஆலை முதலாளியைப் போலவே மளிகைக் கடைக்காரரும் இறைச்சிக் கடைக்காரரும் நகராட்சியின் ஒவ்வொரு பவுண்டிலும் தமக்குப் பங்குண்டு என்று கருதினர். தம் பெயரில் வரி கட்டிய விதவைகளுக்கும் மணமாகாத பெண்களுக்கும் இந்த வாக்கு 1869-இல்தான் கிடைத்தது. டவுன் ஹால் கட்டிய ஆண்டுகளில் அவர்கள் பணம் கொடுத்ததோடு சரி.

1850 ஜூலையில் முன்னாள் பிரதமர் ராபர்ட் பீல் காலமானார். அவருக்குச் சிலை வைப்பது பற்றிப் பேசக் கூடியவர்களிடையே, ஆயிரக்கணக்கானோர் அமரக்கூடிய பொது மண்டபம் ஒன்று ஊருக்கு வேண்டும் என்ற எண்ணமும் எழுந்தது. பங்குகள் விற்று, ஒரு கம்பெனியாக நின்று கட்டலாம் என்பது முதல் திட்டம். பங்குகள் விற்கவில்லை. மண்டபம் வேண்டும் என்று கைதட்டிய செல்வந்தர்கள் சொந்தப் பையைத் திறக்கத் தயங்கினார்கள் என்பதே இதன் பொருள். பின்னாளில் வரிச் சிக்கனம் பேசியவர்களின் கோபத்துக்கு இங்கே ஒரு நியாயம் இருக்கிறது. அதன்பின் பொறுப்பு நகர்மன்றத்திடம் வந்தது. மண்டபத்தோடு நீதிமன்ற அறைகள், மன்றக் கூட்ட அறை, அலுவலகங்கள், காவல் அறைகள் எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவருவது என்று 1851-இல் முடிவாயிற்று. கச்சேரி மண்டபத்துக்கு வரிப்பணமா என்று கேட்பவர்களுக்கு, நீதிமன்றமும் அலுவலகமும் வேண்டாமா என்று பதில் சொல்ல இந்தச் சேர்க்கை உதவியது.

எதிர்ப்புக்கு வலுவான காரணம் இருந்தது. 1849-இல் பரவிய காலராவில் லீட்ஸில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். கழிவுநீர்க் கால்வாய்கள் தோண்டும் வேலை அப்போதுதான் தொடங்கியிருந்தது. குடிநீர்க் கம்பெனியை நகராட்சி 1852-இல் விலைக்கு வாங்கியது. இரண்டுக்கும் பெருங்கடன் தேவைப்பட்டது. சாக்கடை முடியாத ஊருக்குத் தூண்கள் எதற்கு என்ற கேள்வியைக் கஞ்சத்தனம் என்று ஒதுக்கிவிட முடியாது. மறுபக்கம் ஜான் டீக்கின் ஹீட்டன் என்ற மருத்துவர் இருந்தார். ஐரோப்பியக் கண்டத்தின் பழைய வணிக நகரங்கள் எழுப்பிய மண்டபங்களை எடுத்துக்காட்டி, கம்பளி விற்றுச் சேர்த்த செல்வம் கண்ணுக்குத் தெரியும்படி நிற்க வேண்டும் என்று அவர் வாதாடினார். பக்கத்து ஊரான பிராட்ஃபோர்டு வேறு போட்டிக்கு நின்றது. அங்கே செயின்ட் ஜார்ஜ் மண்டபத்தைப் பங்குதாரர்கள் பணத்திலேயே கட்டி 1853-இல் திறந்துவிட்டார்கள்.

1852-இல் வடிவமைப்புப் போட்டி அறிவிக்கப்பட்டது. முதல் பரிசு 200 பவுண்டு. லண்டனில் நாடாளுமன்றக் கட்டடத்தை உருவாக்கிக்கொண்டிருந்த சார்லஸ் பேரி நடுவராக இருந்தார். ஹல் நகரைச் சேர்ந்த கத்பர்ட் பிராட்ரிக் வென்றார். வயது முப்பதுதான், இத்தனை பெரிய வேலை எதையும் அவர் அதுவரை செய்ததில்லை. மன்றத்தினர் தயங்கியபோது, அவரை நம்பிக் கொடுக்கலாம் என்று பேரி உறுதி சொன்னார். ஆனாலும் மன்றம் ஒரு கண்ணியை வைத்தது: செலவு 39,000 பவுண்டைத் தாண்டினால் கட்டடக் கலைஞருக்குக் கட்டணம் கிடையாது. அக்காலத்தில் கட்டடக் கலைஞரின் கட்டணம் மொத்தச் செலவில் ஐந்து விழுக்காடு என்பது வழக்கம். செலவு ஏற ஏற அவர் வருமானமும் ஏறும் இந்த ஏற்பாட்டின் மேல் வரி செலுத்துவோருக்கு எப்போதும் சந்தேகம் உண்டு. அந்தச் சந்தேகத்துக்கு மருந்தாகவே இந்த விதி எழுதப்பட்டது. ஆனால் உள்ளூர் ஒப்பந்தக்காரர் சாமுவேல் அட்டாக்குடன் 1853-இல் கையெழுத்தான கட்டுமான ஒப்பந்தமே ஏறத்தாழ 42,000 பவுண்டுக்கு. அடிக்கல்லை மேயர் ஜான் ஹோப் ஷா 1853 ஆகஸ்டு 17 அன்று நாட்டும் முன்பே 39,000 என்ற எண் பொருளிழந்துவிட்டது.

மன்றத்தில் மிக நீண்ட சண்டை கோபுரத்தைப் பற்றியது. போட்டிக்கு வந்த வரைபடத்தில் இன்றுள்ள கோபுரம் இல்லை. கட்டடத்துக்கு உயரமான கோபுரம் அழகு தரும் என்று பேரி கருதினார். ஹீட்டனும் நண்பர்களும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். ஆறேழாயிரம் பவுண்டு கூடுதலாகும் என்றார்கள். கோபுரத்தில் நீதிபதி உட்காரப் போவதில்லை, எழுத்தர் எழுதப் போவதில்லை, ஆகவே அது வெறும் அலங்காரம் என்பது எதிர்த்தரப்பு வாதம். கட்டடத்தின் மற்ற எந்தப் பகுதிக்கும் ஏதாவது ஒரு பயனைக் காட்ட முடிந்தது; கோபுரத்துக்கு முடியவில்லை. ஊரின் பெருமைக்காக வரிப்பணத்தைச் செலவிடலாமா என்ற கேள்வி வேறு எதிலும் ஒளிந்துகொள்ள இடமில்லாமல் இங்கே நேராக வந்து நின்றது. மன்றம் மூன்றாண்டுகள் தள்ளிப்போட்டும் மறுத்தும் பார்த்து, 1856-இல் ஒப்புக்கொண்டது. 225 அடி உயரத்தில் எழுந்த அந்தக் கோபுரம் இன்று லீட்ஸ் நகரின் அடையாளம்.

கோபுரத்தை மட்டும் குறை சொன்னால் கணக்கு நேராகாது. அதன் மதிப்பீட்டை மொத்த மிகைச் செலவிலிருந்து கழித்தாலும் எழுபதாயிரம் பவுண்டுக்கு மேல் மிஞ்சுகிறது. அந்தத் தொகை சிறுசிறு தீர்மானங்களாகச் சேர்ந்தது. 161 அடி நீளம், 72 அடி அகலம், 75 அடி உயரம் கொண்ட நடு மண்டபத்துக்கு வண்ண அலங்காரம். அதற்கு லண்டனிலிருந்து ஜான் கிரேஸ். முகப்பு வளைவுக்குச் சிற்பம். அதற்கு ஜான் தாமஸ். நாட்டின் மிகப் பெரிய இசைக்கருவிகளுள் ஒன்றாக கிரே அண்டு டேவிசன் நிறுவனத்தின் குழாய் ஆர்கன். நுழைகூடத்துக்கு ஓடு, விளக்குகள், இருக்கைகள். இவ்வளவு செலவழித்த பிறகு இதில் மிச்சம் பிடிப்பதா என்ற ஒரே வாதம் ஒவ்வொரு முறையும் வென்றது. முதல் மதிப்பீடு சுவர்களுக்கும் கூரைக்குமானது; மக்கள் மனத்தில் இருந்ததோ நிறைவான மண்டபம். இரண்டுக்கும் இடையிலான தொலைவை யாரும் தொடக்கத்தில் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் திட்டம் மன்றத்தைத் தாண்டியிருக்காது.

இதற்கிடையே கிரிமியப் போர் வந்தது. பொருள் விலையும் கூலியும் ஏறின. குறித்த விலைக்கு ஒப்புக்கொண்டிருந்த அட்டாக்கால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. 1857-இல் அவர் திவாலானார். எஞ்சிய வேலையை நகராட்சி மற்றவர்களைக் கொண்டு முடித்தது. வரி செலுத்துவோரின் இழப்பு பலர் தலையில் பகிர்ந்து விழுந்தது. ஒப்பந்தக்காரரின் தொழிலே போயிற்று. லீட்ஸ் டவுன் ஹாலின் புகழ்க் கதைகளில் அவர் பெயர் அரிதாகவே வருகிறது.

1858 செப்டம்பர் 7 அன்று விக்டோரியா மகாராணி நேரில் வந்து கட்டடத்தைத் திறந்துவைத்தார். இயந்திர உற்பத்தியாளரான மேயர் பீட்டர் ஃபேர்பேர்ன் அன்றே சர் பட்டம் பெற்றார். அதே மாதம் முதல் லீட்ஸ் இசை விழா அங்கே நடந்தது. செலவைப் பற்றிய முணுமுணுப்பு விழாக் கூட்டத்தில் கரைந்தது. 1864-இல் சுற்று நீதிபதிகளின் பெரிய நீதிமன்ற அமர்வு லீட்ஸுக்குக் கிடைத்தது. அதற்குத் தகுந்த அறைகள் தயாராக இருந்தது நகரின் கோரிக்கைக்கு வலுச் சேர்த்தது. முகப்பில் இருக்கும் நான்கு கற்சிங்கங்கள் 1867-இல்தான் வந்தன.

இந்தக் கதைக்கு முன்னோடி பர்மிங்ஹாம். அங்கே 1830-களின் தொடக்கத்தில் நடந்த போட்டியில் ஜோசப் ஹான்சமும் எட்வர்டு வெல்ச்சும் வென்றார்கள். சுமார் 17,000 பவுண்டு என்ற மிகக் குறைந்த விலைக்கு ஒப்பந்தம் போடப்பட்டது. செலவு மீறினால் ஈடுசெய்யும் பொறுப்பையும் கட்டடக் கலைஞர்களே ஏற்க வேண்டியிருந்தது. மண்டபம் 1834-இல் திறந்தது. அதே ஆண்டு இருவரும் திவாலானார்கள். லண்டன் தெருக்களில் பின்னர் ஓடிய ஹான்சம் குதிரை வண்டிக்கான காப்புரிமையை ஹான்சம் பெற்றதும் அந்த ஆண்டில்தான். தனி மனிதர்களின் தலையில் சுமையை ஏற்றினால் செலவு குறையாது, அவர்கள் விழுவார்கள் என்பது லீட்ஸில் 39,000 விதி எழுதப்படுவதற்கு இருபது ஆண்டுகள் முன்பே தெரிந்த செய்தி.

லீட்ஸுக்குப் பின் வந்தவர்களும் பாடம் கற்றதாகத் தெரியவில்லை. லங்காஷயரின் போல்டன், லீட்ஸ் கட்டடத்தை முன்மாதிரியாகக் கொண்டு 1873-இல் தன் டவுன் ஹாலைத் திறந்தது; அங்கும் செலவு முதல் மதிப்பீட்டின் இருமடங்கைத் தாண்டியது. எல்லாவற்றையும் மிஞ்சியது ராச்டேல். 1864-இல் 20,000 பவுண்டுக்குள் என்று போட்டி அறிவித்த அந்த ஊர், 1871-இல் திறப்பு விழா நடத்தியபோது ஒன்றரை லட்சத்துக்கு மேல் செலவழித்திருந்தது. மர உச்சியுடன் 240 அடி எழுந்து நின்ற அதன் கோபுரம் 1883-இல் தீப்பிடித்து எரிந்தது. ஆல்ஃபிரெட் வாட்டர்ஹவுஸ் வடிவமைத்த கல் கோபுரம் அதன் இடத்தில் எழுந்தது. இது முந்தையதைவிடக் குட்டை. மான்செஸ்டரில் 1877-இல் திறந்த டவுன் ஹாலும் இதே வாட்டர்ஹவுஸின் வேலை; அதன் செலவு பத்து லட்சம் பவுண்டை எட்டியதாகக் கணக்கிடுகிறார்கள்.

குடிமக்கள் கையில் இருந்த தடைக்கருவிகள் மெலிந்தவை. 1835 சட்டம் வரி செலுத்துவோரே தேர்ந்தெடுக்கும் தணிக்கையாளர் இருவரை ஏற்படுத்தியது. பணம் போன பிறகு கணக்கைப் பார்ப்பதே அவர்கள் வேலை. ஆண்டுதோறும் மன்றத்தில் மூன்றில் ஒரு பங்கு இடங்களுக்குத் தேர்தல் வந்தது. அதில் சிக்கனக் கட்சியினர் சில இடங்களைப் பிடிப்பதுண்டு. ஆனால் பாதி எழும்பிய சுவரை யாரும் இடிக்கச் சொல்லவில்லை. புதிய தனிச்சட்டம் கோரி நகராட்சி நாடாளுமன்றம் செல்ல வேண்டுமானால், வரி செலுத்துவோர் கூட்டத்தின் சம்மதம் வேண்டும் என்று 1872-ஆம் ஆண்டின் சட்டம் விதித்தது. கடன் வாங்குவதைக் கண்காணிக்கும் வேலை மெல்லமெல்ல லண்டனில் 1871-இல் அமைந்த உள்ளாட்சி வாரியத்திடம் போயிற்று. வாரியத்தின் அதிகாரி ஊருக்கே வந்து விசாரணை நடத்துவார். எதிர்ப்பவர்கள் எழுந்து பேசலாம். கடன் வாங்கும் முன்பே கேள்வி கேட்க ஒரு மேடை அப்படித்தான் கிடைத்தது. அதற்குள் வடக்கின் பெரிய டவுன் ஹால்கள் பலவும் எழுந்து நின்றுவிட்டன. அவற்றுக்கான கடன் தவணைகளைக் கூட்டங்களில் கத்தியவர்களின் பிள்ளைகள் வரியோடு சேர்த்துக் கட்டிவந்தார்கள்.