கடலிலிருந்து வந்த இசை

இன்று எழுபது வயதைக் கடந்த ஆங்கிலேயர் பலருக்கு, றொக் இசையென்றதும் தலையணைக்கடியில் ஒளித்துக் கேட்ட சிறு வானொலியே நினைவில் எழும். இந்நினைவின் பின்னே ஓர் ஒப்பந்தம் உண்டு. பி.பி.சி. இசைத்தட்டுகளை ஒலிபரப்பும் நேரத்தை, இசைத்தட்டு நிறுவனங்களோடும் இசைக்கலைஞர் சங்கத்தோடும் அது செய்த உடன்பாடு குறுக்கியிருந்தது. அவ்வறட்சியிலேயே 1964 மார்ச்சில், பிரித்தானியச் சட்டத்தின் எல்லைக்கப்பால் நங்கூரமிட்ட கப்பலிலிருந்து றேடியோ கரோலைன் ஒலித்தது. அதனைச் சுதந்திரக் குரலென அன்றைய இளைஞர் போற்றினர். விளம்பர வருவாயை நம்பிய வணிகமும் அதுவே என்பதை நாம் மறத்தலாகாது. இத்தகைய கப்பல்களுக்கு விளம்பரமோ உணவோ வழங்குவதையே குற்றமாக்கிய சட்டம் 1967 ஆகஸ்ட் நடுவில் அமுலுக்கு வந்தது. செப்டெம்பர் 30இல் பி.பி.சி. தொடங்கிய றேடியோ வண் சேவையின் முதல் நிகழ்ச்சியை நடத்தியவர், முன்னர்க் கரோலைன் கப்பலில் பணிபுரிந்த ரொனி பிளாக்பேர்ன்.