18 வயசுல லைசென்ஸ் ஓகே... வெளிநாட்டுல வாடகை கார் கிடைக்குமா?

சேத்தியாத்தோப்பு குறுக்கு ரோட்டுல ஒரு தடவை கார் ஓட்டிப் பாருங்க. ஒரு பக்கம் விருத்தாசலத்துல இருந்து வர்ற பஸ், எதிர்ல சிதம்பரத்துல இருந்து வர்ற வேன், குறுக்கே கும்பகோணம் ஹைவேயில பறக்குற லாரி. சீசன் நேரமா இருந்தா, சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏத்திட்டு ஆடி ஆடிப் போற டிராக்டர் வேற. இதுக்குள்ள வண்டி ஓட்டிப் பழகினவங்களுக்கு துபாய் ரோடும் மெல்போர்ன் ரோடும் ஒரு விஷயமே இல்லைன்னுதான் தோணும்.

ஆனால், அங்கே வாடகை கார் கவுன்டரில் இருப்பவர் நீங்க எப்படி ஓட்டுவீங்கன்னு கேட்கவே மாட்டார். அவருக்குத் தேவை மூன்று கணக்குகள். உங்க வயசு என்ன? லைசென்ஸ் வாங்கி எத்தனை வருஷம்? அந்த நாட்டுக்கு வந்து எத்தனை நாள் ஆச்சு? இதுல ஒண்ணு இடிச்சாலும் சாவி கைக்கு வராது. டிக்கெட் போடுறதுக்கு முன்னாடியே இந்த மூன்றையும் சரிபார்த்துக்கிட்டா, ஏர்போர்ட்டுல பெட்டியோட முழிச்சிட்டு நிக்க வேண்டியதில்லை.

சட்ட வயசு வேற, வாடகை வயசு வேற

முதல் குழப்பமே இங்கேதான். இந்தியாவில் 18 வயதில் கார் லைசென்ஸ் கிடைத்துவிடும். பிரிட்டனில் 17 வயதிலேயே கார் ஓட்டலாம். ஐக்கிய அரபு அமீரகமும் 2025 மார்ச் இறுதியில் நடைமுறைக்கு வந்த புதிய போக்குவரத்துச் சட்டத்தில் குறைந்தபட்ச வயதை 17 ஆக்கிவிட்டது.

இதைப் பார்த்துட்டு 'எனக்குத்தான் 19 ஆச்சே, கார் எடுத்துடலாம்'னு கிளம்பிடாதீங்க. ரோட்டுல ஓட்ட அனுமதிப்பது அரசாங்கம். காரைக் கொடுப்பது தனியார் நிறுவனம். அந்தக் காருக்கு இன்ஷூரன்ஸ் கொடுப்பது இன்னொரு நிறுவனம். இளம் வயது டிரைவர்கள் அதிகம் விபத்தில் சிக்குவார்கள் என்பது இன்ஷூரன்ஸ் கம்பெனிகளின் கணக்கு. அதனால் பெரும்பாலான நாடுகளில் வாடகை கார் எடுக்க 21 வயது கேட்கிறார்கள். சில இடங்களில் 23. பெரிய எஸ்.யு.வி., ஸ்போர்ட்ஸ் கார் என்றால் 25 வரை போகும்.

இன்னொன்றும் இருக்கிறது. 21 முடிந்து 25 ஆகாதவர்களுக்கு பல நிறுவனங்கள் 'யங் டிரைவர் சர்சார்ஜ்' போடும். இது மொத்தமா ஒரு தடவை கட்டுற தொகை இல்லை, பெரும்பாலும் தினமும் ஏறுறது. ஒரு நாளைக்கு 25 டாலர்னு வெச்சுக்கிட்டா, ஏழு நாள் டிரிப்புக்கு 175 டாலர் கூடுதல். ஆப்ல முதல்ல காட்டுற விலையில் இது சேராமலும் இருக்கலாம். அதனால் புக் செய்யும்போது உங்க உண்மையான வயசைப் போட்டு விலையைப் பாருங்க.

அமெரிக்காவில் நியூயார்க் மாநிலம் இதில் ஒரு விதிவிலக்கு. 18 வயது ஆனவருக்கு, வயதை மட்டும் காரணம் காட்டி கார் இல்லைன்னு அங்கே சொல்ல முடியாது. ஆனா, கூடுதல் கட்டணம் வாங்கலாம். அதாவது கதவு திறந்திருக்கும், டிக்கெட் விலைதான் ஜாஸ்தி!

லைசென்ஸுக்கும் வயசு உண்டு

உங்களுக்கு 24 வயசு. ஆனா, வெளிநாடு போறோமேன்னு போன மாசம்தான் அவசரமா லைசென்ஸ் எடுத்தீங்க. கார் கிடைக்குமா? பெரும்பாலும் கிடைக்காது. லைசென்ஸ் கைக்கு வந்து குறைந்தது ஒரு வருடமாவது ஆகியிருக்கணும்னு பல நிறுவனங்கள் கேட்கும். சில இடங்களில் இரண்டு வருடம்.

அதனால், காலேஜ் முடிச்சுட்டு வெளிநாடு போற ஐடியா இருக்குறவங்களுக்கு ஒரு அட்வைஸ். 18 ஆனதும் எல்.எல்.ஆர். போட்டுடுங்க. எல்.எல்.ஆர். ஆறு மாதம் செல்லும். 30 நாள் கழித்து டெஸ்ட்டுக்குப் போகலாம். வீட்டில் கார் இல்லைன்னாலும் பரவாயில்லை, டிரைவிங் ஸ்கூல்ல கத்துக்கிட்டு எடுத்து வைங்க. மூணு வருஷம் கழிச்சு அந்தத் தேதி உங்களுக்காகப் பேசும்.

டூவீலர் லைசென்ஸ் மட்டும் வெச்சிருக்குறவங்க அதை வெச்சு கார் கேட்க முடியாது. இது தலைகீழாகவும் பொருந்தும். தாய்லாந்துல ஸ்கூட்டர் எடுத்துச் சுத்துறது நம்ம பசங்களுக்குப் பிடிச்ச விஷயம். கார் லைசென்ஸ் மட்டும் இருந்து, ஸ்கூட்டர்ல போய் விழுந்தா, டிராவல் இன்ஷூரன்ஸ் கைவிரிச்சிடும்.

ஐ.டி.பி. எடுப்பது எப்படி?

இன்டர்நேஷனல் டிரைவிங் பெர்மிட், சுருக்கமா ஐ.டி.பி. இது தனி லைசென்ஸ் கிடையாது. உங்க இந்திய லைசென்ஸுக்கு உலக நாடுகள் புரிந்துகொள்ளும் ஒரு மொழிபெயர்ப்பு மாதிரி. 1949-ம் ஆண்டு ஜெனீவா சாலைப் போக்குவரத்து ஒப்பந்தத்தின்படி இந்தியா இதை வழங்குகிறது. 2022 ஆகஸ்ட்டில் மத்திய அரசு நாடு முழுக்க ஒரே வடிவத்தைக் கொண்டுவந்தது. இப்போது அதில் க்யூ.ஆர். கோடும் இருக்கும்.

பரிவாகன் தளத்தில் சாரதி பகுதிக்குப் போய், படிவம் 4ஏ மூலம் விண்ணப்பிக்கலாம். கட்டணம் 1,000 ரூபாய். லைசென்ஸ், பாஸ்போர்ட், போட்டோ தயாராக இருக்கட்டும். விசா, டிக்கெட் நகல் கையில் இருந்தால் நல்லது. உங்க லைசென்ஸ் எந்த ஆர்.டி.ஓ. அலுவலகத்தின் கீழ் வருதோ அங்கேதான் இந்த வேலை. அதிகபட்சம் ஒரு வருடம் செல்லும். வெளிநாட்டுல இருக்கும்போது காலாவதி ஆனா, இந்தியத் தூதரகம் மூலமா புதுசு கேட்கலாம். 2021 ஜனவரியில் இதற்கு வழி செய்தார்கள்.

எல்.எல்.ஆர். வெச்சு ஐ.டி.பி. வாங்க முடியாது. 'ஆன்லைன்ல பத்தே நிமிஷத்துல இன்டர்நேஷனல் லைசென்ஸ், 10 வருஷம் செல்லும்'னு விளம்பரம் வந்தா, தள்ளிவிட்டுட்டுப் போயிடுங்க. அது செல்லாத காகிதம். போறப்ப அசல் லைசென்ஸ் கார்டையும் எடுத்துட்டுப் போங்க. அது இல்லாம ஐ.டி.பி. மட்டும் செல்லாது. டிஜிலாக்கர் நம்ம ஊர் போலீஸ் வரைக்கும்தான்.

இனிஷியல் பிரச்னை

இது நமக்கே நமக்கான சிக்கல். லைசென்ஸ்ல பேருக்கு முன்னாடி ஓர் எழுத்து இனிஷியல். பாஸ்போர்ட்டுல அப்பா பேர் முழுசா, அதுவும் குடும்பப் பெயர் இடத்தில். கிரெடிட் கார்டுல வேற மாதிரி. நமக்கு மூணும் ஒரே ஆள்தான். கவுன்டர்ல இருக்குறவருக்கு மூணு பேர். ஐ.டி.பி. உங்க லைசென்ஸை வைத்துத் தருவது என்பதால், முதலில் லைசென்ஸில் பெயரைப் பாஸ்போர்ட்டோடு ஒத்துப்போகும்படி மாற்றிவிடுங்கள்.

கிரெடிட் கார்டு ஓட்டுறவர் பேரில்தான் இருக்கணும். அப்பா கார்டைக் கொடுத்தா வேலைக்கு ஆகாது. டெபாசிட்டுக்காக ஒரு தொகையை அதில் முடக்கி வைப்பார்கள். டெபிட் கார்டைப் பல இடங்களில் வாங்க மாட்டார்கள்.

எந்த நாட்டுல என்ன கணக்கு?

சிங்கப்பூர்: இந்திய லைசென்ஸோட ஐ.டி.பி.யும் வெச்சுக்கோங்க. இடதுபக்க டிரைவிங்தான், நம்ம ஊர் மாதிரி. அங்கே எடுத்த காரில் மலேசியா போக நினைத்தால், வாடகை நிறுவனத்திடம் முன்கூட்டியே அனுமதி வேண்டும். சிங்கப்பூர் பதிவு கார் எல்லையைத் தாண்டும்போது டேங்கில் முக்கால்வாசி பெட்ரோல் இருக்கணும் என்பது சட்டம்.

இலங்கை: ஐ.டி.பி. மட்டும் போதாது. உள்ளூர் அங்கீகாரமோ தற்காலிக அனுமதியோ வேண்டும். ஆட்டோவை வாடகைக்கு எடுத்துத் தானே ஓட்டிச் சுற்றுவது அங்கே பிரபலம். அதற்கும் இதே விதிதான்.

அமீரகம்: டூரிஸ்ட்டா போனா ஐ.டி.பி.யோட கார் எடுக்கலாம். ரெசிடென்ஸ் விசா கிடைச்சுட்டா அது செல்லாது, அந்த ஊர் லைசென்ஸ் எடுத்தாகணும். வலதுபக்க டிரைவிங்.

ஜப்பான்: 1949 ஒப்பந்த வடிவ ஐ.டி.பி. கட்டாயம். நம்முடையது அந்த வகைதான். சீனாவில் ஐ.டி.பி. செல்லவே செல்லாது.

படிக்கப் போறீங்களா? நாள் கணக்கு முக்கியம்

சுற்றுலா போறவங்களுக்கு ஒரு விதி, தங்கப் போறவங்களுக்கு வேற விதி. மூன்றாவது கணக்கு இதுதான். ஜெர்மனியில் குடியேறி ஆறு மாதம் ஆனதும் இந்திய லைசென்ஸ் செல்லாது. பிரிட்டனில் 12 மாதம். கனடாவின் ஒன்டாரியோவில் குடியேறியவர்களுக்கு 60 நாள்தான். ஆஸ்திரேலியாவில் விக்டோரியா, நியூ சவுத் வேல்ஸ் மாநிலங்களில் தற்காலிக விசாவில் தங்குபவர்களுக்கு ஆறு மாதம். நாள் கடந்த பிறகு ஓட்டினால், லைசென்ஸே இல்லாமல் ஓட்டிய மாதிரிதான்.

'மச்சான், கொஞ்ச நேரம் நான் ஓட்டுறேன்டா!'

பெரிய ஆபத்து இந்த ஒரு வரியில்தான் இருக்கிறது. நாலு பேர் டிரிப் போவீங்க. 25 வயசு நண்பர் பேரில் கார். பாதி வழியில் 20 வயசு தம்பி ஸ்டீயரிங்கைப் பிடிப்பான். ஒப்பந்தத்தில் பெயர் இல்லாதவர் ஓட்டி ஏதாவது ஆனால், இன்ஷூரன்ஸ் கிடைக்காமல் போகலாம். கார் ரிப்பேர், எதிரே வந்த காருக்கான இழப்பீடு, யாருக்காவது அடிபட்டா ஆஸ்பத்திரி செலவு எல்லாம் உங்க தலையில் விழும். டாலரிலும் யூரோவிலும் வரும் அந்தப் பில்லைக் கட்ட இங்கே அப்பா நிலத்தை அடமானம் வைக்க வேண்டிவரும். யார் யார் ஓட்டப்போறீங்களோ, எல்லார் பேரையும் கூடுதல் டிரைவரா எழுதிடுங்க. வயசு பத்தலையா, தம்பி பின் சீட்டுல உட்கார்ந்து பாட்டு போடட்டும்.

வயசு இன்னும் வரலைன்னாலும் டிரிப் கேன்சல் இல்லை. சிங்கப்பூரில் எம்.ஆர்.டி. இருக்கு, ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் ரயில் இருக்கு, இலங்கையில் டிரைவரோடவே கார் கிடைக்குது. அதுவரைக்கும் உங்க லைசென்ஸுக்கு வயசு ஏறட்டும். இன்னிக்கு ராத்திரி ஒரே ஒரு வேலை பண்ணுங்க. லைசென்ஸையும் பாஸ்போர்ட்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு, ரெண்டுலயும் ஒரே பேர் இருக்கான்னு பாருங்க. அங்கே இருந்து ஆரம்பிங்க!