பனி வீதியில் வாகனத்தை நிறுத்துவது எது? ஒரு ரயரின் வரலாறு

2007 ஆம் ஆண்டு மார்கழி மாதத்தில் ரொறொன்ரோவில் எனது தமக்கையாரின் மகன் வீட்டில் சில வாரங்கள் தங்கியிருந்தேன். கொழும்பிலே செய்தி மேசையில் காலத்தைக் கழித்த எனக்குப் பனி என்றால் நுவரெலியாவின் புல்வெளியில் அதிகாலையிற் படிந்து, வெயில் ஏறியதும் மறைந்துவிடும் வெண்மை மட்டுமே. முழங்காலளவு கொட்டிக் கிடக்கும் பனியை அங்குதான் முதன்முதலாகக் கண்டேன்.

ஒருநாள் மாலை, வேலை முடிந்து நிற்கும் மனைவியை அழைத்துவர மருமகன் புறப்பட்டபோது நானும் கூடச் சென்றேன். இறக்கமான ஒரு வீதி. அடியிலே சந்தியில் சிவப்பு விளக்கு. மருமகன் உரிய தூரத்திலேயே பிறேக்கை அழுத்தினார். காலடியில் அது கடகடவென்று அதிர்ந்தது, வாகனமோ நிற்கவில்லை. ஓசையின்றி வழுக்கிச் சந்தியைக் கடந்து, எதிர்ப்புறப் பனி மேட்டிலே முட்டி நின்றது. குறுக்கே எந்த வாகனமும் வராதது எங்கள் நல்லூழ். பத்தடி தள்ளியிருந்த பஸ் தரிப்பிடத்தில் ஒரு தாய் கைக்குழந்தையோடு நின்றிருந்தார். அந்தப் பத்தடியை நான் இன்றுவரை மறக்கவில்லை.

மருமகனின் கைகள் நடுங்கின. "மாமா, நாலு சில்லும் இழுக்கிற வாகனமெண்டுதானே கூடக் காசு குடுத்து வாங்கினனான். பிறகேன் இது நிக்கேல்லை?" என்று கேட்டார்.

என்னிடம் பதில் இருக்கவில்லை. பதில் தெரியாத கேள்வியைத் தேடிச் செல்வது பத்திரிகைக்காரனின் பழக்கம். அவ்வாறு தேடி வாசித்தவற்றின் சாரத்தையே இங்கு தருகிறேன்.

சங்கிலியின் காலம்

மோட்டார் வாகனம் வீதிக்கு வந்த தொடக்க காலத்தில், பனியில் அதனை எவ்வாறு நிறுத்துவது என்று கவலைப்பட்டோர் குறைவு. எவ்வாறு நகர்த்துவது என்பதே பெரும்பாடாக இருந்தது. வீதிகள் பெரும்பாலும் மண் வீதிகள். மாரியிற் சேறு, குளிர்காலத்திற் பனி. சாரதிகள் சில்லுகளைச் சுற்றிக் கயிற்றையும், சில வேளைகளிற் கொடிகளையும்கூடக் கட்டி ஓட்டினர். நியூயோர்க் மாநிலத்தின் கானஸ்தோட்டா என்ற ஊரைச் சேர்ந்த ஹரி வீட் என்பவர் இதனைக் கண்டே கயிற்றுக்குப் பதிலாகச் சங்கிலியைப் பூட்டும் எண்ணங் கொண்டார் என்று அவரது சந்ததியினர் கூறியுள்ளனர். 1904 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 23 ஆம் திகதி அவருக்கு 768,495 ஆம் இலக்கக் காப்புரிமை வழங்கப்பட்டது.

சங்கிலி பனிக்கட்டியைக் கடித்துப் பிடிக்கும். இன்றும் மலைக் கணவாய்களைக் கடக்கும் கனரக லொறிகள் சங்கிலியை எடுத்துச் செல்கின்றன. ஆயினும் அதனைப் பூட்டிக்கொண்டு மெதுவாகவே ஓடலாம்; பனியில்லாத வீதிக்கு வந்ததும் கழற்ற வேண்டும்; இல்லையெனில் வீதியும் கெடும், ரயரும் கெடும். அன்றாடம் வேலைக்குச் சென்று வருபவருக்கு அது சரிவராது.

பின்லாந்தின் விடை

அடுத்த விடை பின்லாந்திலிருந்து வந்தது. நோக்கியா என்ற பெயரைக் கேட்டதும் நம்மவர்களுக்குக் கைத்தொலைபேசிதான் நினைவுக்கு வரும். அது உண்மையில் ஓர் ஊரின் பெயர். அங்கிருந்த பின்லாந்து இறப்பர்த் தொழிற்சாலை, தொலைபேசி செய்த அதே நிறுவனக் குடும்பத்தில் 1967 இல் இணைந்து, அதன் ரயர்ப் பிரிவு 1988 இல் தனி நிறுவனமாகப் பிரிந்தது. அந்தத் தொழிற்சாலையே 1934 இல் லொறிகளுக்கென்று உலகின் முதலாவது குளிர்கால ரயரைச் செய்தது. 1936 இல் கார்களுக்கான ரயர் வந்தது. அதற்கு ஹக்காபெலீத்தா என்று பெயரிட்டனர். பதினேழாம் நூற்றாண்டின் முப்பதாண்டுப் போரிலே போரிட்ட பின்லாந்துக் குதிரைப் படையினரின் பெயர் அது.

ஆழமான குறுக்குப் பள்ளங்களே அந்த ரயரின் சிறப்பு. பள்ளங்களுக்குள் பனி இறுகி நிரம்பும். அவ்வாறு நிரம்பிய பனி வீதியிற் கிடக்கும் பனியோடு ஒட்டிப் பிடிக்கும். பனியைப் பனியாலேயே பற்றும் உபாயம் இது. ஆனால் கண்ணாடிபோல் உறைந்த பனிக்கட்டியின்மேல் பள்ளங்கள் மட்டும் போதவில்லை.

ஆணியும் அதன் வினையும்

எனவே ஆணி வந்தது. தங்ஸ்தன் காபைட்டு முனைகொண்ட சிற்றாணிகளை ரயரிலே பதித்தனர். அதே பின்லாந்து நிறுவனம் தனது முதலாவது ஆணி ரயரை 1961 இல் வெளியிட்டது. அறுபதுகளில் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் ஜப்பானிலும் அது பரவியது. பனிக்கட்டியின்மேல் வாகனங்கள் நிற்கத் தொடங்கின.

ஆனால் குளிர்காலம் முழுவதும் வீதி பனியால் மூடிக் கிடப்பதில்லை. வெறும் தாரின்மேல் இலட்சக்கணக்கான ஆணிகள் ஓடியபோது வீதிகள் அரிக்கப்பட்டன. சில்லுகள் ஓடும் தடங்களில் நீண்ட பள்ளங்கள் விழுந்து நீர் தேங்கியது. தனியொருவருக்குக் காவலாக இருந்த ஆணி, எல்லோருக்கும் உரிய வீதியைத் தின்றது. ஒன்ராறியோ மாகாணமும் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலமும் 1971 இல் ஆணி ரயரைத் தடைசெய்தன. மேற்கு ஜேர்மனி 1975 இல் தடைசெய்தது. ஒன்ராறியோவின் வடபகுதி மக்களுக்கு மட்டும் 2005 இல் மீண்டும் அனுமதி கிடைத்தது.

ஜப்பானில் நிகழ்ந்தது இன்னும் பெரிய பாடம். செண்டாய் நகரத்தில் பனி குறைவாகவும் ஆணி ரயர்கள் மிகுதியாகவும் இருந்தன. உராய்ந்த தார்த் தூசு குளிர்காலம் முழுவதும் நகரத்தின்மேல் மிதந்தது. எண்பதுகளில் மக்கள் முறையிட்டனர். அது சுகாதாரப் பிரச்சினையாகவே கருதப்பட்டது. முடிவில் 1990 ஆம் ஆண்டு ஜப்பானியப் பாராளுமன்றம் ஆணி ரயரின் தூசைத் தடுப்பதற்கென்றே தனிச் சட்டம் இயற்றியது. ஆணி போய்விட்டால் பனிக்கட்டியில் எதனை நம்புவது என்ற கேள்வி அந்நாட்டின் ரயர் நிறுவனங்களின்முன் நின்றது.

மென்மையின் வலிமை

விடை இரும்பில் இருக்கவில்லை, இறப்பரிலேயே இருந்தது. கோடைகால ரயரின் இறப்பர் வெப்பத்துக்கென்று கடினமாகக் கூட்டப்பட்டது. வெப்பநிலை ஏறத்தாழ 7 பாகைக்குக் கீழே இறங்கும்போது அது விறைக்கத் தொடங்கும். விறைத்த இறப்பரால் வீதியின் நுண்ணிய மேடுபள்ளங்களோடு பொருந்திப் பிடிக்க முடியாது. குளிரிலும் மென்மை மாறாத கலவையைச் செய்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

மறுபாதி நீர். பனிக்கட்டியின்மேல் மெல்லிய நீர்ப்படலம் இருக்கிறது. உண்மையில் வழுக்குவது அதுவே. சுழியப் பாகையை அண்டிய பனிக்கட்டி கடுங்குளிர்ப் பனிக்கட்டியைவிட வழுக்குவதற்குக் காரணமும் இதுதான். 1988 இல் ஜப்பானின் பிரிஜ்ஸ்ரோன் நிறுவனம் பிளிசாக் என்ற ரயரை வெளியிட்டது. அதன் இறப்பரில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் இருந்தன. அவை அந்த நீர்ப்படலத்தை உறிஞ்ச, இறப்பர் பனிக்கட்டியைத் தொட்டுப் பிடித்தது. அமெரிக்கரான ஜோன் சைப் 1923 இலேயே காப்புரிமை பெற்றிருந்த மெல்லிய கீறல்களும் இத்தகைய ரயர்களின் முகப்பில் நெருக்கமாக வெட்டப்பட்டன. பின்னர் சிலிக்காக் கலவைகளும் சேர்ந்து இந்த ரயர்களை மேலும் செம்மையாக்கின.

மருமகனுக்குரிய பதில்

இப்போது அந்த மாலைக்கு வருவோம். நான்கு சில்லு இழுவை, எஞ்சினின் விசையை நான்கு சில்லுகளுக்கும் பகிர்ந்து, வாகனத்தைப் புறப்படச் செய்ய உதவுகிறது. ஆனால் எந்தக் காரிலும் பிறேக் நான்கு சில்லுகளுக்கும் உண்டு. எனவே நிறுத்தும்போது அந்த இழுவையால் இலாபம் ஒன்றுமில்லை. எளிதாகப் புறப்பட முடிவதால், வீதி வழுக்குகிறது என்ற எச்சரிக்கையும் சாரதிக்குக் கிடைக்காமற் போகிறது. காலடியில் அதிர்ந்தது சில்லு இறுகிப் பூட்டாமற் காக்கும் கருவி. அது இருக்கின்ற பிடிமானத்தைப் பயன்படுத்தும். இல்லாத பிடிமானத்தை உண்டாக்காது.

ஒரு சிறு கணக்கு. மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் கார், உலர்ந்த வீதியிற் பிறேக் பிடித்தபின் ஏறத்தாழ 14 மீற்றரில் நிற்கும். இறுகிய பனியில், உராய்வு 0.2 என்று கொண்டால், சுமார் 50 மீற்றர் வேண்டும். பனிக்கட்டியில், 0.1 என்று கொண்டால், ஏறக்குறைய 100 மீற்றர். இந்த எண்ணை மாற்றக்கூடியவை இரண்டே: சாரதியின் வேகமும், வீதியைத் தொட்டுக்கொண்டிருக்கும் இறப்பரும்.

மருமகனின் வாகனத்தில் இருந்தவை எல்லாப் பருவத்துக்கும் உரியவை என்று விற்கப்பட்ட ரயர்கள். அவற்றின் பக்கத்திற் சேற்றையும் பனியையும் குறிக்கும் எம், எஸ் என்ற எழுத்துகள் இருந்தன. அவை பெரும்பாலும் பள்ளங்களின் அமைப்பைக் குறிப்பவை. குளிரிற் பரீட்சிக்கப்பட்டதற்குச் சான்றல்ல. சான்று வேறொன்று: மூன்று சிகரங்கொண்ட மலையும் அதனுள் பனித்துகளும் உள்ள சின்னம். வட அமெரிக்காவில் அது 1999 இல் அறிமுகமானது. பனியில் இழுவைப் பரீட்சையிற் தேறிய ரயரே அதனைப் பெறும்.

சட்டமும் சட்டைப்பையும்

நாங்கள் சந்தியில் வழுக்கிய அதே மாதத்திற்றான் அயல் மாகாணமான கியூபெக், குளிர்கால ரயரைக் கட்டாயமாக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. 2008 மார்கழி 15 இல் அது நடைமுறைக்கு வந்தது. 2019 முதல் மார்கழி முதலாம் திகதியே தொடக்க நாளாயிற்று. பின்லாந்து 1978 இலும் சுவீடன் 1999 இலும் கட்டாயமாக்கியிருந்தன. ஜேர்மனி 2010 முதல் பனி படிந்த வீதியிற் பொருத்தமான ரயர் வேண்டும் என்கிறது. ஒன்ராறியோ கட்டாயப்படுத்தவில்லை. 2016 முதல் குளிர்கால ரயர் பூட்டியோருக்குக் காப்புறுதிக் கட்டணத்தில் கழிவு வழங்கும்படி காப்புறுதி நிறுவனங்களைப் பணித்ததோடு நின்றுகொண்டது. அங்கு முடிவு எடுப்பது குடும்பங்களின் பொறுப்பு.

நம்மவர்கள் இரண்டு வேலை பார்த்து, ஊருக்கும் பணம் அனுப்பி, மிச்சத்தில் பழைய கார் ஒன்று வாங்குபவர்கள். இரண்டாவது தொகுதி ரயர் அவர்களுக்கு ஆடம்பரமாகத் தோன்றுவது இயல்பே. ஆனால் ஒரு தொகுதி ஓடும்போது மற்றையது தேயாமல் ஓய்ந்திருக்கிறது. இரண்டும் கூடுதல் காலம் உழைக்கும். முழுச் செலவும் மேலதிகச் செலவன்று. இரண்டை மட்டும் வாங்கிப் பூட்டுவது தவறு; முன்னே பிடித்து, பின்னே வழுக்கினால் வாகனம் சுழலும். நான்கும் ஒரே வகையாக இருக்க வேண்டும். பள்ளத்தின் ஆழம் 4 மில்லிமீற்றரை நெருங்கினால் அந்த ரயர் பனிக்கு உதவாது.

இறுதியாக ஒன்று. 1876 இல் பிரேசிலிலிருந்து இலண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுவரப்பட்ட விதைகளில் முளைத்த ஏறத்தாழ 1,900 இறப்பர்க் கன்றுகள் இலங்கைக்கு அனுப்பப்பட்டு, கம்பஹாவின் ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நடப்பட்டன. பின்னர் இலங்கையிலும் மலாயாவிலும் பரந்த தோட்டங்களில் பால் வெட்டியவர்களில் நம்மவர் பல்லாயிரம் பேர். குளிரிலும் நெகிழ்ச்சி குன்றாத இயற்கை இறப்பர் இன்றும் குளிர்கால ரயர்க் கலவைகளில் இடம்பெறுகின்றது. பனியையே காணாத அந்த மனிதர்களின் உழைப்பும் இந்த வரலாற்றில் ஒரு பங்கு.

மருமகன் அடுத்த வாரமே நான்கு ரயர்களையும் மாற்றினார். இப்போது அவருடைய மகள் வாகனம் ஓட்டுகிறாள். சென்ற முறை தொலைபேசியில் பேசியபோது, கார்த்திகை பிறக்குமுன் ரயர் மாற்ற நாள் குறித்துவிட்டதாகச் சொன்னாள். அந்தப் பஸ் தரிப்பிடத்தின் கதையைத் தந்தையார் அவளுக்குச் சொல்லியிருக்கிறார்.