டயரின் பிறந்த தேதி

மலாய் மொழியில் டயரின் தடவரிகளை ‘பூங்கா’ என்பார்கள். பூ என்று பொருள். பூ தேய்ந்துவிட்டதா என்று பார்த்துத்தான் நம்மில் பலர் டயர் மாற்றுகிறோம். விவரம் தெரிந்தவர்கள் குனிந்து டயரின் பக்கச் சுவரைப் பார்ப்பார்கள். அங்கே எழுத்துகளோடு நான்கு இலக்கங்கள் அச்சாகியிருக்கும். 1425 என்றிருந்தால் 2025ஆம் ஆண்டின் 14ஆவது வாரத்தில் பிறந்த டயர். 2000க்கு முன்பு மூன்றே இலக்கங்கள் இருந்தன. எந்தப் பத்தாண்டு என்று ஊகிக்க வேண்டியதுதான். அதன் பிறகு அந்தக் குழப்பமும் இல்லை.

கிள்ளான் – பந்திங் சாலையில், தெலுக் பங்லிமா காராங் வழியாக ஓடும் லாரிகளுக்கு இந்தத் தேதி பெரிய விஷயமில்லை. வயசாவதற்குள் அந்த டயர்கள் தேய்ந்துவிடும். படுக்கையும் அடுப்பும் வைத்த மோட்டார்ஹோம் வைத்திருப்பவர்களுக்குத்தான் இது தலைவலி. அது ஓடும் நாள் குறைவு, வெயிலில் நிற்கும் நாள் அதிகம். பூ புதுசாகவே இருக்கும். ரப்பர் உள்ளுக்குள் செத்துக்கொண்டிருக்கும். காற்றிலுள்ள ஆக்சிஜனும் ஓசோனும் ரப்பரை இறுக்கி வெடிக்க வைக்கின்றன. அதைத் தடுக்கச் சேர்க்கும் மெழுகும் ரசாயனமும் டயர் உருண்டு நெளியும்போதுதான் நன்றாக மேலே வந்து காக்கும். நின்றே கிடக்கும் டயருக்கு அந்தக் காப்பு குறைவு. ஐந்து வருஷத்துக்குப் பிறகு வருஷா வருஷம் சோதிக்கச் சொல்கிறார்கள், பத்து வருஷமானால் பார்க்க நன்றாக இருந்தாலும் கழற்றிப் போடச் சொல்கிறார்கள். அதனால்தான் கடைக்காரரிடம் “எந்த வருஷத்து டயரு?” என்று முதலில் கேட்க வேண்டியிருக்கிறது.

ஒரு டயர் எந்த வாரம் பிறந்தது என்பது அதன் உடம்பிலேயே எழுதப்பட்டிருக்கிறது. அதற்குப் பால் கொடுத்த மரத்தை வெட்டியவர்களில் பலருக்குப் பிறந்த ஆண்டே எங்கும் எழுதப்படவில்லை. இந்த நாட்டுத் தமிழர் வரலாற்றை இந்த இரண்டு வரிகளுக்கு நடுவில் வைத்துப் பார்க்கலாம்.

சார்ல்ஸ் குட்இயர் ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கிப் பக்குவப்படுத்தும் முறையைக் கண்டது 1839. ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனது 1876. மறு வருஷமே கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. பெல்ஃபாஸ்ட்டில் ஜான் பாய்ட் டன்லப் தன் மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்குக் காற்றடைத்த டயர் செய்தது 1888. மரத்தைக் கொல்லாமல் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையைச் சிங்கப்பூரில் ரிட்லி பரிசோதித்து நிலைநாட்டினார். 1908இல் ஃபோர்டின் மாடல் டி வந்தது. 1910இல் லண்டன் சந்தையில் ஒரு பவுண்டு ரப்பர் 12 ஷில்லிங்கைத் தாண்டியது.

அந்த விலைதான் நம் ஆட்களைக் கப்பலேற்றியது. 1907இல் தோட்ட முதலாளிகளிடம் வரி வசூலித்துத் தமிழர் குடியேற்ற நிதி தொடங்கப்பட்டிருந்தது. கங்காணிகள் ஊர் ஊராகப் போய் ஆள் திரட்டினார்கள். கோல லங்காட் வட்டாரக் காடுகள் தோட்டமாயின. தெலுக் பங்லிமா காராங்குக்கு எதிரே ஆற்றுக்கு அப்பாலிருக்கும் தீவு இன்றும் எட்வர்ட் வாலன்டைன் கேரி என்ற தோட்டத் துரையின் பெயரில்தான் கேரித் தீவு. விடியுமுன் பிரட்டு, பிறகு நிரை, மங்கு, வாளி, ஒட்டுப்பால். பெயர் செக்ரோலில் இருக்கும். அது சம்பளத்துக்கான பெயர். ஆள் எங்கே எப்போது பிறந்தார் என்று செக்ரோல் கேட்காது.

1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரும் வேலைநிறுத்தம் நடந்தது. ஆர்.எச். நாதன் முன்னின்ற அந்தப் போராட்டத்தின் கோரிக்கைகளில் சீனத் தொழிலாளிக்குச் சமமான சம்பளம், பிள்ளைகளுக்குக் கல்வி, கள்ளுக்கடை மூடல், பெண்களைத் தொந்தரவு செய்வதற்கு முடிவு ஆகியவை இருந்தன. இன்னொன்றும் இருந்தது: துரையோ தோட்டத்துக் கிராணியோ எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும். டன்லப்பின் டயர் சைக்கிளுக்காகத்தான் பிறந்தது. அதற்கான பாலை எடுத்தவன் அதன்மேல் உட்கார்ந்து போக முடியவில்லை. மே மாதம் நாதன் கைதானார், பின்னர் நாடு கடத்தப்பட்டார். சிலாங்கூரில் அவசரநிலை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் செத்தார்கள். சைக்கிள் கோரிக்கையைச் சின்ன விஷயம் என்று கடந்துபோகிறவர்கள் உண்டு. எனக்கு அதுதான் பெரிசாகப் படுகிறது. சம்பளம் வயிற்றுக்கானது, சைக்கிள் ‘நானும் ஆள்தான்’ என்பதற்கானது.

அடுத்த ஆண்டு ஜப்பானியர் மலாயாவைப் பிடித்தார்கள். அமெரிக்காவுக்கு வந்த இயற்கை ரப்பரில் பெரும்பகுதி நின்றது. அங்கே போர்க்காலத்தில் முதலில் பங்கீட்டுக்கு வந்த பொருளே டயர்தான், 1942 ஜனவரியில். டயர் தேயக் கூடாது என்று வண்டிகளின் வேகத்தை மணிக்கு 35 மைலாகக் குறைத்தார்கள். செயற்கை ரப்பர் ஆலைகள் எழுந்தன. இங்கே வேலையற்றுப்போன தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். டயரை அங்கே எண்ணிப் பங்கிட்டார்கள். காட்டில் செத்த நம் ஆட்களை ஒழுங்காக எண்ணக்கூட யாருமில்லை. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ நாவல் அந்தக் குறையைக் கொஞ்சம் ஈடுகட்டுகிறது, அவ்வளவுதான்.

1957க்குப் பிறகு எண்ணிக்கை வேறு விதமாக வந்தது. குடியுரிமைக்குக் காகிதம் வேண்டும். தோட்டத்தில் பிறந்த பலரிடம் அது இல்லை, சிலர் அதன் அவசியத்தை அறியவுமில்லை. சிவப்பு ஐசியோடு நின்றார்கள். 1968இல் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்து, குடியுரிமை இல்லாதவர்களுக்கு பெர்மிட் கட்டாயமானதும் பல்லாயிரம் பேர், பார்த்தே இராத ‘ஊருக்கு’க் கப்பலேறினார்கள். இருந்தவர்கள் தோட்டத் துண்டாடலைப் பார்த்தார்கள், பால்மரம் விழுந்து செம்பனை எழுந்ததைப் பார்த்தார்கள். கேரித் தீவும் இப்போது செம்பனைதான்.

1980களின் இறுதிவரை உலக ரப்பர் உற்பத்தியில் முதலிடத்தில் இருந்த நாடு இன்று தன் தொழிற்சாலைகளுக்கு வெளிநாட்டு ரப்பரை இறக்குமதி செய்கிறது. ஷா ஆலாமில் 1972 முதல் இயங்கிய குட்இயர் டயர் ஆலை 2024 ஜூனில் மூடப்பட்டது. தெலுக் பங்லிமா காராங் கடையில் நாம் வாங்கும் புது டயர் எந்த நாட்டில் பிறந்தது என்பதும் அதன் பக்கத்தில் எழுதியிருக்கும்.

2011இல் ஆவணமற்ற இந்தியர்களைப் பதிவதற்காக ‘மைடாஃப்தார்’ இயக்கம் நடந்தது. பிரச்சினை அதோடு தீரவில்லை. இன்றும் தாத்தா பாட்டி வழியாகப் பேரப்பிள்ளை வரை தொடரும் வீடுகள் உண்டு. இங்கே பிறந்ததற்குச் சாட்சி கேட்கும்போது பழைய செக்ரோல், தோட்டத்துப் பள்ளிப் பதிவேடு, தோட்ட ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாமே ஆதாரமாகலாம். தோட்டம் கைமாறியபோது அவற்றில் எத்தனையோ குப்பைக்குப் போயின. மிச்சமிருப்பவை யார் வீட்டுப் பரணிலோ, பழைய கிராணி குடும்பத்தின் இரும்புப் பெட்டியிலோ கிடக்கக்கூடும். கறையான் அரிப்பதற்குள் அவற்றைத் தேடிப் படமெடுத்து வைக்க வேண்டும்.

டயர் வாங்கும்போது தேதி கேளுங்கள், கடைக்காரர் முகம் சுளித்தாலும் கேளுங்கள். அதே அக்கறையோடு வீட்டிலிருக்கும் பெரியவரிடமும் ஒரு நாள் கேளுங்கள்: எந்தத் தோட்டம், எத்தனையாவது லயம், யார் கங்காணி. சொன்னதை எழுதிவையுங்கள்.