மீனுக்கும் அம்மைப்பால்

சூலியர் எனப்பட்ட தமிழ் முஸ்லிம் வணிகரால் பெயர்பெற்றது பினாங்கின் சூலியா தெரு. அங்கே கொடுவா மீன் குழம்பை ருசிப்போர் அம்மீனின் குஞ்சுப் பருவத்தை எண்ணுவதில்லை. மலாய்க்காரர் சியாக்காப் என்னும் இம்மீன் கடற்கூண்டுகளில் நெருக்கமாய் வளர்வதால் விப்ரியோ என்னும் கிருமி விரைந்து பரவும். கூண்டு முழுதும் வெள்ளை வயிறு காட்டி மிதந்தால் முதல் போட்டவர் கதி என்ன? மருந்தை இரையில் ஓயாது கலந்தாலோ, மருந்துக்கு அஞ்சாத கிருமியே மிஞ்சும்.

ஜென்னர் 1796இல் அம்மைப்பால் குத்தியதைப் பள்ளியில் கற்பிக்கிறோம். மீனுக்கு அவ்வழியைக் காட்டிய முன்னோடி கனடாவின் டஃப். 1942இல் கொன்ற கிருமிகளை இரையோடு ஊட்டி, டிரௌட் மீன்களைக் கட்டிநோயினின்று காத்தார். பின்னர் கிருமிக்கொல்லிகள் மலிந்தன. அவர் ஆய்வு கிடப்பில் விழுந்தது. அமெரிக்காவில் முதல் மீன் தடுப்பு மருந்து உரிமம் பெற்றது 1976இல்தான். முப்பத்து நான்கு ஆண்டுகள் வீண்!

நோர்வேயின் மீன் பண்ணைகள் 1987இல் ஏறத்தாழ 50 டன் கிருமிக்கொல்லியைச் செலவிட்டன. சால்மனுக்குத் தடுப்பூசி பரவியபின், பத்தாண்டுக்குள் அது ஒரு டன் அளவுக்கு இறங்கிற்று. மீன் விளைச்சலோ பெருகிற்று.

"மீனுக்கு எங்கே ஐயா ஊசி குத்துவார்கள்?" என்றான் என் மாணவன். மயக்கமூட்டி, வயிற்றில். சிறு குஞ்சுகளை மருந்து கலந்த நீரில் சற்றே அமிழ்த்தி எடுப்பதும் உண்டு; செவுளும் தோலும் அதனை ஏற்கும். எதிர்ப்பாற்றல் ஊறச் சில வாரம் பிடிக்குமாதலின், கடலில் விடுமுன்பே இது நடந்தாக வேண்டும். குளிர்நீரில் இன்னும் தாமதமாகும். பினாங்குக் கடலோ வெதுவெதுப்பானது. அவ்வகையில் கொடுவாவுக்கு யோகந்தான்.