பாஸ்கா (யூதர் இல்லப் பெருவிழா)

பாஸ்கா என்பது எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து இஸ்ரயேலர் விடுதலை பெற்றதை நினைந்து யூதர் ஆண்டுதோறும் கொண்டாடும் பெருவிழா. எபிரேயத்தில் பெசாக் எனப்படும். நிசான் மாதம் 15ஆம் நாள் நிறைமதியன்று தொடங்கும். நம் கணக்கில் பங்குனியிலோ சித்திரையிலோ வரும். இஸ்ரயேலில் 7 நாளும் பிற நாடுகளில் பெரும்பாலும் 8 நாளும் கொண்டாடப்படுகிறது. தொழுகைக்கூடத்து வழிபாட்டைவிட, முதல் இரவில் வீட்டில் நடக்கும் செதர் என்னும் இராவுணவே இதன் உயிர். அவ்வுணவில் பிள்ளைகளின் கேள்விக்கே முதலிடம்; சிறுபிள்ளைகளுக்கு இவ்வளவு பெரிய இடத்தைத் தரும் சமய விழா அரிது.

தோற்றமும் வளர்ச்சியும்

விழாவின் மூல விதிகள் விடுதலைப் பயண நூலின் 12, 13ஆம் அதிகாரங்களில் உள்ளன. வீட்டுக்கு ஓர் ஆட்டுக்குட்டி, கதவு நிலைகளில் அதன் இரத்தம், புளிப்பற்ற அப்பம், கசப்புக் கீரை என்பன அங்கு சொல்லப்படுகின்றன. இச்சடங்கின் பொருளைப் பிள்ளைகள் கேட்கும்போது பெற்றோர் விளக்க வேண்டும் என்பதும் அங்கேயே விதியாக வைக்கப்பட்டுள்ளது. கி.மு. 419ஆம் ஆண்டைச் சேர்ந்த, எகிப்தின் எலிஃபண்டைன் தீவில் கிடைத்த பாப்பிரசுக் கடிதமொன்று, அங்கு குடியிருந்த யூதருக்குப் புளிப்பற்ற அப்ப நாள்களை அனுசரிக்கும் முறையை அறிவிக்கிறது.

எருசலேம் ஆலயம் நிலைத்திருந்த காலத்தில் ஆட்டுக்குட்டி அங்கேயே பலியிடப்பட்டது. கி.பி. 70இல் உரோமர் ஆலயத்தை அழித்தபின் பலிக்கு வழியில்லாமற் போயிற்று. அதன்பின் பீடத்தின் இடத்தை வீட்டு மேசையும், பலியின் இடத்தைப் பிள்ளையின் கேள்வியும் பிடித்துக்கொண்டன. ஏறத்தாழ கி.பி. 200இல் தொகுக்கப்பட்ட யூதச் சட்ட நூலான மிஷ்னாவின் பெசாகிம் பகுதி, 10ஆம் அதிகாரத்தில், நான்கு கிண்ணம் திராட்சை இரசத்தையும் அவற்றிடையே நடக்க வேண்டியவற்றையும் வகுக்கிறது. இரண்டாம் கிண்ணம் நிரம்பியதும் மகன் தந்தையிடம் கேட்க வேண்டும்; கேட்கத் தெரியாத பிள்ளைக்குத் தந்தையே கேள்வியைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். பழைய கேள்விகளில் ஒன்று சுட்ட இறைச்சியைப் பற்றியது. பலி நின்றபின் அது கைவிடப்பட்டு, சாய்ந்திருந்து உண்பது ஏன் என்ற கேள்வி சேர்ந்தது.

பிள்ளைகள் தூங்கிவிடாமல் விழித்திருந்து கேள்வி கேட்பதற்காக, யூத அறிஞர் ரபி அக்கிவா அவர்களுக்கு வறுத்த தானியமும் கொட்டைகளும் பகிர்ந்து கொடுத்தார் என்று, மிஷ்னாவை விரித்துரைக்கும் தல்மூத் கூறுகிறது. பிள்ளை இல்லாத வீட்டில் மனைவி கேட்க வேண்டும். தனியாய் இருப்பவர் தம்மைத் தாமே கேட்க வேண்டும் என்றும் அந்நூல் விதிக்கிறது. இந்த ஒழுங்கை முழுமையாகத் தரும் வீட்டுப் புத்தகம் ஹகாதா. கேள்வி கேட்பாரின் அறிவுக்கேற்ப விடை சொல்ல வேண்டும் என்பதற்காக, அறிவாளி, தீயவன், எளியவன், கேட்கத் தெரியாதவன் என நான்கு வகைப் பிள்ளைகளை அது காட்டுகிறது.

வீட்டுச் சடங்குகள்

விழா நாள்களில் புளித்த மாப்பண்டம் வீட்டில் இருக்கக்கூடாது என்பதால், முந்திய இரவில் அது எஞ்சியிருக்கிறதா என்று தேடுவர். பல வீடுகளில் பெரியவர்கள் பத்து ரொட்டித் துண்டுகளை முன்கூட்டி ஒளித்து வைப்பார்கள். விளக்கை அணைத்து, மெழுகுதிரி வெளிச்சத்தில் பிள்ளைகள் மூலை முடுக்கெல்லாம் தேடி, கிடைத்ததைப் பறவை இறகால் மரக்கரண்டியில் கூட்டி எடுப்பார்கள். மறுநாள் காலை அது எரிக்கப்படும்.

செதர் இரவில் கடைக்குட்டிப் பிள்ளையே நான்கு கேள்விகளையும் பாடிக் கேட்கும். எகிப்தின் பத்து வாதைகளைச் சொல்லும்போது, ஒவ்வொன்றுக்கும் கிண்ணத்திலிருந்து ஒரு துளி இரசம் எடுத்து விடப்படும். அப்பத்தின் ஒரு பாதி அஃபிகோமன் என்று ஒளித்து வைக்கப்படுகிறது. அதை உண்ணாமல் விருந்து நிறைவுறாது என்பதால், தேடி எடுத்த பிள்ளை அதைத் திருப்பித்தரப் பரிசு கேட்கும். நள்ளிரவு வரை பிள்ளைகளை மேசையில் வைத்திருப்பதற்கு இதைவிட நல்ல உபாயம் இல்லை.

இந்தியாவிலும் இலங்கையிலும்

கொச்சி யூதர் விழாவுக்குப் பல வாரங்கள் முன்பே வீட்டுக்கு வெள்ளையடித்து, தனிப் பாத்திரங்கள் எடுத்துவைத்து, அரிசியை மணிமணியாகப் பார்த்துப் பொறுக்கினர். ஐரோப்பிய அஷ்கனாசி யூதர் பாஸ்காவில் அரிசியை விலக்குவர். கொச்சியில் அந்த விலக்கு இருக்கவில்லை. கொங்கணக் கரையின் பெனே இஸ்ரயேலர், உலர்ந்த திராட்சையை ஊறவைத்துப் பிழிந்த சாற்றை நான்கு கிண்ணங்களுக்கும் பயன்படுத்தினர். அவர்களுக்காக மராத்தி ஹகாதா 1846இல் பம்பாயில் அச்சாயிற்று. கேரளத்துப் புனித தோமா கிறிஸ்தவர் பெரிய வியாழன் இரவில் புளிக்காத அரிசிமா அப்பத்தின்மேல் குருத்தோலைச் சிலுவை வைத்துச் செபிப்பர். பின் குடும்பத் தலைவர் அதைப் பிட்டு, மூத்தவர் முதல் இளையவர் வரை கொடுப்பார். இது பாஸ்கா வழக்கத்தின் தொடர்ச்சியாகக் கருதப்படுகிறது.

இலங்கையில் யூதர் திரளாக வாழ்ந்ததைப் பத்தாம் நூற்றாண்டில் அரபு மொழியில் எழுதிய அபூ சைது குறிப்பிடுகிறார். இலங்கை மன்னனின் 16 அமைச்சருள் நால்வர் யூதர் என்று 1154இல் தம் நூலை முடித்த அரபுப் புவியியலாளர் இத்ரீசி எழுதுகிறார். அக்காலப் பெருந்துறை, மன்னார் மாவட்டத்து முருங்கனிலிருந்து மன்னார்த் தீவுக்குச் செல்லும் வழியில், கடற்பாலத்துக்கு இப்புறம் உள்ள மாந்தை என்னும் மாதோட்டம். யூத வணிகர் இத்துறையிலும் பாஸ்கா மேசை விரித்திருக்கலாம்.

தற்போதைய நிலை

கொச்சி யூதருள் பெரும்பாலோர் 1950களில் இஸ்ரயேலில் குடியேறினர்; மட்டாஞ்சேரியில் மிகச் சிலரே எஞ்சினர். இலங்கையில் வேரூன்றிய யூதச் சமூகம் இன்று இல்லை. எனினும் ஒத்தமை நற்செய்திகள் இயேசுவின் கடைசி இராவுணவைப் பாஸ்கா உணவாகவே காட்டுவதால், முருங்கன் பகுதிக் கத்தோலிக்கருக்கு இவ்விழா அந்நியமானதன்று. ஆட்டுக்குட்டியையும் புளிப்பற்ற அப்பத்தையும் விதிக்கும் விடுதலைப் பயணம் 12ஆம் அதிகாரப் பகுதியே, பெரிய வியாழன் மாலைத் திருப்பலியில் முதல் வாசகமாக வாசிக்கப்படுகிறது.