ஸ்டேட்டஸில் விற்கும் சேலை: சமூக வலைத்தளச் சந்தையில் பார்வையாளரும் வாடிக்கையாளரும்

சேலம் மாவட்டத்து இளம்பிள்ளைச் சேலை இன்று கடைவீதிக்கு வருவதற்கு முன்பே வாட்ஸ்அப்புக்கு வந்துவிடுகிறது. தறி உரிமையாளரிடமிருந்தோ மொத்தக் கடையிலிருந்தோ படங்கள் ரீசெல்லர் குழுவுக்குப் போகின்றன. குழுவில் இருக்கும் ஒரு பெண் பிடித்த நான்கைத் தன் ஸ்டேட்டஸில் வைக்கிறார். அவருடைய நாத்தனாரோ, பிள்ளையோடு படிக்கும் குழந்தையின் தாயோ, பழைய அலுவலகத் தோழியோ விலை கேட்கிறார். பணம் ஜிபேயில் வருகிறது. பார்சல் மொத்தக் கடையிலிருந்து நேரே வாங்கியவர் வீட்டுக்குப் போகிறது. இடையில் நின்ற பெண் அந்தச் சேலையைத் தொட்டுக்கூடப் பார்த்திருக்கமாட்டார். ஆனாலும் விற்றது அவர்தான்.

விளம்பரம் செய்தல், தொடர்பு வளர்த்தல், பார்வையாளரை அறிதல் ஆகியவற்றைப் பயிற்சி வகுப்புகள் தனித்தனித் திறன்களாகக் கற்பிக்கின்றன. அந்தப் பெண்ணிடம் மூன்றும் ஒரே செயலாக நிகழ்கின்றன. இதைக் காணத் தவறியதால்தான் சிறு உற்பத்தியாளருக்குச் சொல்லப்படும் அறிவுரை முழுவதும் பின்தொடர்வோரின் எண்ணிக்கையைச் சுற்றியே நிற்கிறது. பார்க்கும் கூட்டத்தைத் திரட்டுவதும் வாங்கும் உறவைக் காப்பதும் வெவ்வேறு வேலைகள்; முன்னதன் அளவுகோலைக் கொண்டு பின்னதை அளக்க முடியாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

வலையமைப்பு ஆய்வில் இந்த வேறுபாட்டுக்கு வலுவான அடிப்படை உண்டு. மார்க் கிரானோவெட்டர் 1973இல் வெளியிட்ட கட்டுரையில், பாஸ்டன் நகரையொட்டிய பகுதியில் அறிமுகமானவர் வழியாக வேலை பெற்றவர்களை ஆராய்ந்தார். தகவல் தந்தவரை அடிக்கடி சந்தித்துவந்தவர்கள் 16.7 விழுக்காட்டினர் மட்டுமே. எப்போதாவது சந்தித்தவர்கள் 55.6 விழுக்காட்டினர், அரிதாகச் சந்தித்தவர்கள் 27.8 விழுக்காட்டினர். நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்கும், புதிய செய்தி தூரத்து அறிமுகத்தின் வழியாகவே வரும் என்பது அவர் முடிவு. வணிக எழுத்தாளர்கள் இதைப் பற்றிக்கொண்டு, தொடர்பு விரிய விரிய விற்பனையும் விரியும் என்றார்கள். அவர் ஆராய்ந்தது வேலை இருக்கிறது என்ற செய்தியின் பயணத்தை. பார்க்காத பொருளுக்கு முன்கூட்டியே ஆயிரம் ரூபாய் அனுப்பும் துணிவு அதே வழியில் பயணம் செய்யும் என்று அந்த ஆய்வைக் கொண்டு சொல்ல இடமில்லை. யூடியூபில் இளம்பிள்ளைக் கடையொன்றின் காணொளி எங்கோ இருப்பவருக்கு அப்படி ஒரு கடை இருப்பதை அறிவிக்கிறது. அது தூரத்து உறவின் வேலை. பணம் கைமாறுவதற்கு நெருங்கிய உறவு தேவைப்படுகிறது.

எலிஹு காட்ஸும் பால் லாசர்ஸ்ஃபெல்டும் 1955இல் வெளியிட்ட ஆய்வு இங்கே இன்னும் பொருத்தமானது. இல்லினாய் மாநிலத்தின் டெகேட்டர் நகரில் சுமார் 800 பெண்களிடம் வீட்டுக்கான கொள்முதல், உடை, திரைப்படம், பொதுவிவகாரம் ஆகியவற்றில் யார் சொல்லைக் கேட்டு முடிவெடுக்கிறார்கள் என்று விசாரித்தார்கள். ஊடகத்தின் செய்தி தம்மைப் போன்ற நிலையிலுள்ள, அன்றாடம் பழகும் இன்னொருவர் வாயிலாகவே செல்வாக்குப் பெறுகிறது என்று கண்டார்கள். இன்று இன்ஃப்ளூயன்சர் எனப்படுபவர் லட்சக்கணக்கானோர் பின்தொடரும் பிரபலம். டெகேட்டரில் கண்ட செல்வாக்காளரோ பக்கத்து வீட்டுக்காரர். நம் ரீசெல்லர் இரண்டாமவரின் வழி வந்தவர்.

அவருக்கு வரும் கேள்விகளைச் சற்று நின்று பார்க்க வேண்டும். முந்தியை விரித்துக் காட்டுங்கள், பிளவுஸ் சேலையோடு ஒட்டியே வருமா, தனியாகவா, சாயம் போகுமா, பள்ளிக்கூடத்துக்கு நாள் முழுக்கக் கட்டினால் கனக்குமா, படத்திலுள்ள மெரூன் நேரிலும் அப்படித்தானா? பதிலும் அதே நுணுக்கத்தோடு போகிறது: நிறம் சற்று மாறலாம், ஷிப்பிங் தனி, பார்சலைப் பிரிக்கும்போது ஓப்பனிங் வீடியோ கட்டாயம், அது இல்லாமல் டேமேஜ் என்று சொன்னால் ஏற்க இயலாது. இந்த ஓப்பனிங் வீடியோ யாரும் சட்டம் போட்டு வந்ததல்ல. முகம் பாராத வணிகத்தில் எழும் பூசலைத் தீர்க்க வணிகர்களும் வாங்குபவர்களுமாக உருவாக்கிக்கொண்ட சாட்சிமுறை அது. வணிகச் சட்டம் பயில்வோர் இன்னும் கவனிக்க வேண்டிய வழக்கம்.

பார்வையாளரைப் பற்றிய அறிவு இந்தக் கேள்விகளில்தான் குவிந்திருக்கிறது. தளங்கள் தரும் புள்ளிவிவரப் பக்கம் எத்தனை பேர் பார்த்தார்கள், எந்த ஊர், என்ன வயது, ஆணா பெண்ணா என்று சொல்லும். கனக்குமா என்று கேட்டவர் ஏன் கேட்டார் என்று சொல்லாது. அது சொல்லும் வயதையும் பாலினத்தையும்கூடத் தமிழ்ச் சூழலில் அப்படியே நம்ப முடியாது. ஒரு கைப்பேசியை வீட்டில் பலர் பயன்படுத்துவதும், கணவர் பெயரிலோ பிள்ளை பெயரிலோ உள்ள கணக்கில் பெண் சேலை பார்ப்பதும் நாம் அறிந்தவை. ஸ்ரீராம் வெங்கட்ராமன் சென்னையை ஒட்டிய பகுதியில் களப்பணி செய்து 2017இல் வெளியிட்ட 'சோஷியல் மீடியா இன் சவுத் இந்தியா' என்ற நூல், சாதி, குடும்பம், வர்க்கம் ஆகியவற்றின் பழைய ஒழுங்குகள் இணையத்திலும் தொடர்வதையும், பெண்களின் கைப்பேசிப் பயன்பாட்டைக் குடும்பம் கட்டுப்படுத்துவதையும் காட்டுகிறது. இத்தகைய சூழலில் பொதுவெளியில் கருத்திடாத பெண்ணை ஆர்வமற்றவர் என்று கணக்கிடுவது பெரும்பிழை. அவர் தனிச்செய்தியில் கேட்பார், அல்லது தெரிந்தவரிடம் மட்டும் கேட்பார்.

எண்ணிக்கையை நம்புவதில் இன்னொரு ஆபத்து, அந்தக் கூட்டம் விற்பவருக்குச் சொந்தமில்லை என்பது. 2018 ஜனவரியில் ஃபேஸ்புக், நிறுவனப் பக்கங்களின் பதிவுகளைப் பின்னுக்குத் தள்ளி நண்பர், உறவினர் பதிவுகளை முன்னிறுத்தப் போவதாக அறிவித்தது. பக்கம் தொடங்கி விருப்பக்குறி சேர்த்தவர்கள், அதே ஆட்களை எட்டுவதற்குப் பணம் கட்டும் நிலைக்குத் தள்ளப்பட்டார்கள். 2020 ஜூன் 29 அன்று இந்திய அரசு டிக்டாக்கைத் தடைசெய்தபோது, அங்கே திரட்டிய கூட்டம் ஒரே நாளில் கைவிட்டுப் போயிற்று. வாட்ஸ்அப்பும் தனியார் தளம்தான். ஆனால் அதன் பிராட்காஸ்ட் பட்டியலில் ஒரு விதி உண்டு. ஒரு பட்டியலில் 256 பேர்வரை சேர்க்கலாம். நம் எண்ணைத் தம் கைப்பேசியில் சேமித்துவைத்திருப்பவருக்கு மட்டுமே செய்தி போய்ச் சேரும். பயிற்சியாளர்கள் இதை ஒரு குறையாகச் சொல்வார்கள். எனக்கோ சிறு வணிகருக்குக் கிடைக்கக்கூடிய மிக நேர்மையான அளவுகோல் இதுதான் என்று படுகிறது. எண்ணைச் சேமித்தவர், உன்னிடமிருந்து செய்தி வரலாம் என்று இசைவு தந்தவர். எண்கள் கைப்பேசியிலேயே இருப்பதால் தளம் மாறினாலும் அவரை அழைக்க முடியும்.

இதற்கு எதிராக ஒரு வலுவான சான்று உண்டு. 2015இல் பெங்களூரில் தோன்றிய இணைய விற்பனைத் தளமான மீஷோ, ரீசெல்லர்களை நம்பியே வளர்ந்தது. பின்னர் அது வாங்குபவரிடம் நேரடியாக விற்கும் பக்கம் திரும்பிவிட்டது. அப்படியென்றால் இடையிலுள்ள உறவு தேவையற்றதாகிவிட்டதா? பொருள் வந்தபின் பணம், பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்பலாம் என்ற இரு ஏற்பாடுகளும் உறவு செய்த வேலையை எடுத்துக்கொண்டன என்பதை மறுக்க முடியாது. ஆனால் அந்த ஏற்பாடு எதை விற்க உதவுகிறது என்று பார்க்க வேண்டும். ஏமாந்தாலும் திருப்பிவிடலாம் என்றானபின் தேர்வுக்கு மிஞ்சுவது படமும் விலையும். படத்தில் ஒன்றுபோல் தெரிபவற்றில் விலை குறைந்ததே விற்கும்.

கைத்தறிக்கு இது பேரிழப்பு. காரைக்குடிப் பகுதியின் கண்டாங்கிச் சேலைக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன் கட்டங்களையும் அகலக் கரையையும் விசைத்தறியில் படியெடுத்துப் படம் பிடித்தால், கைப்பேசித் திரையில் இரண்டையும் பிரித்தறிவது கடினம். மத்திய அரசு 2006இல் கொண்டுவந்த கைத்தறி முத்திரையும் திரையில் இன்னொரு படமாகவே தெரியும். கட்டித் துவைத்து, ஆறு மாதம் கழித்தும் அது எப்படி இருக்கிறது என்று சொல்லக்கூடிய ஒருவரே வேறுபாட்டை வாங்குபவருக்கு உணர்த்த முடியும். விலை கூடிய, விளக்கம் தேவைப்படும் பொருளுக்கு உறவுவழிச் சந்தையை விட்டால் இணையத்தில் வேறு வலுவான வழி இல்லை. மீஷோவின் வெற்றி என் வாதத்தை மறுக்கவில்லை. அதன் எல்லையை வரைந்து காட்டுகிறது.

ரீசெல்லர் முறையைக் குறையற்றதென்று போற்றுவதும் சரியல்ல. வாங்கியவரின் முகவரியும் எண்ணும் ஸ்கிரீன்ஷாட்டாகக் குழுக்களில் சுற்றுகின்றன. 2023இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் நோக்கத்துக்கு இது நேர்மாறானது. ரீசெல்லரின் உழைப்புக்குச் சேலைக்கு இவ்வளவு என்று வைத்துக்கொள்ளும் லாபத்தைத் தவிர வேறு அங்கீகாரம் இல்லை. எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, அவரிடம் சேரும் அறிவு அவரோடு நின்றுவிடுவது. கனக்குமா என்று நாற்பது பேர் கேட்ட செய்தி தறியில் இருப்பவருக்குத் தெரிவதே இல்லை. அவருக்குத் தெரிவதெல்லாம், விற்றது, விற்கவில்லை என்பது மட்டும்தான்.

ஆகவே கைத்தறித் துறையும் நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களும் சமூக வலைத்தளப் பயிற்சி என்ற பெயரில் ரீல்ஸ் எடுக்கக் கற்றுக்கொடுப்பதோடு நின்றுவிடக் கூடாது. சங்கத்தின் சேலைகளை விற்கும் ரீசெல்லர்களை விற்பனைப் பிரதிநிதிகளாகப் பதிவுசெய்து, ஒவ்வொருவருக்கும் முதல் சேலையைக் கட்டிப் பார்க்கச் சங்க விலையில் கொடுக்க வேண்டும். வாங்குபவர்கள் கேட்ட கேள்விகளைப் பெயரும் எண்ணும் நீக்கித் தொகுத்து, மாதம் ஒருமுறை நெசவாளர் முன்னிலையில் படிக்க வேண்டும். அடுத்த பாவு ஓட்டுவதற்கு முன் அந்தப் பட்டியல் தறிக்காரர் கையில் இருக்கட்டும்.